நூற்றியோராவது பிள்ளைப்பூச்சி

ஜப்பானியர் சியோனான் என்று பேர் மாற்றிய ஊரில், தங்ளின் வட்டாரத்திலிருந்த அந்தப் பங்களாவின் புல்தரை சாகத் தொடங்கியதை முதலில் பார்த்தவள் சந்திரமதிதான். பார்த்தவள் வாயைத் திறக்கவில்லை. களை பிடுங்குகிறவள் புல்லைப் பற்றிப் பேசினால், கெட்டுப்போனதற்கும் அவளையே காரணமாக்கிவிடுவார்கள் என்பது எட்டு வருஷ அனுபவம். இரண்டு நாள் கழித்து அவள் புருஷன் சேதுபதி கண்ணிலும் அது பட்டது. அந்த வீட்டுக்கு அவன்தான் தோட்டக்காரன். வெள்ளைக்காரத் துரை இருந்தபோதும் அவன்தான். துரையைச் சாங்கிச் சிறைக்குக் கொண்டுபோய், அவர் கட்டிலில் ஜப்பானிய அதிகாரி படுக்கத் தொடங்கிய பிறகும் அவன்தான். மேசை, நாற்காலி, பியானோ, தோட்டக்காரன் என்று வீட்டோடு இருந்ததையெல்லாம் அதிகாரி அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்.

வாசற்படிக்கு எதிரே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு. அதைத் தாண்டி இன்னொன்று. சேதுபதி குனிந்து ஒரு பிடி புல்லை இழுத்தான். எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை. சுற்றிலும் மண் விரல் தடிமனுக்கு வரிவரியாக மேடிட்டிருந்தது.

"வெள்ளைப் புழுவா இருக்கும்" என்றாள் சந்திரமதி.

"புழு இப்படி மண்ணைத் தூக்காது. போய் சவுக்காரத் தண்ணி கொண்டா."

அந்தக் காலத்துச் சவுக்காரம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். பனையெண்ணெயையும் சாம்பலையும் சேர்த்துக் கிண்டியது. நுரை வராது, நாற்றம் மட்டும் வரும். அதில் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் கரைத்து, அவன் அந்தத் திட்டின் மேல் மெதுவாக ஊற்றினான். இருவரும் குத்துக்காலிட்டுக் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மண் அசைந்தது. முதலில் மண்வெட்டி போன்ற இரண்டு முன்னங்கால்கள், அப்புறம் பழுப்பு நிறத்தில் ஒரு தலை. பிள்ளைப்பூச்சி. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பக்கத்தில் இன்னும் மூன்று. தட்டு அளவு இடத்தில் பதினொன்று.

சேதுபதி முற்றம் முழுவதையும் ஒரு தடவை பார்த்தான். நாலு வீடு கட்டக்கூடிய இடம். "ரெண்டாயிரத்துக்குக் குறையாது" என்றான், பிள்ளைகளை ஜாஸ்தியாகப் பெற்றுவிட்டவனைப் போன்ற குரலில். அவர்களுக்கு ஒரு பிள்ளையும் இல்லை.

துரை காலத்தில் இதற்கெல்லாம் கவலைப்பட்டதில்லை. தவிட்டில் பச்சை விஷத்தூளையும் கொஞ்சம் வெல்லப்பாகையும் பிசைந்து சாயங்காலம் தூவிவிட்டால், காலையில் கூட்டிப் பெருக்கி அள்ளலாம். இல்லையென்றால் மண்ணெண்ணெயைச் சவுக்காரத்தோடு கடைந்து ஊற்றலாம். இப்போது விஷத்தூள் எந்தக் கடையிலும் இல்லை. மண்ணெண்ணெய் பட்டாளத்துக்குப் போயிற்று. தவிட்டை மனிதர்களே தின்றுகொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை கிராணி இராஜசிங்கம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முனிசிபல் ஆபீசில் இங்கிலீஷ்காரனுக்குப் பட்டியல் தட்டச்சு செய்தவர், இப்போது ஜப்பானியனுக்குத் தட்டச்சு செய்தார். புதுப் பாஷையை ஆறே மாதத்தில் படித்து, அதிகாரிக்கும் வேலைக்காரர்களுக்கும் நடுவே வாயாகவும் இருந்தார். கெட்டவர் இல்லை. யாருக்கும் கெடுதல் செய்துவிடக் கூடாதே என்ற கவலையோடுதான் எல்லாக் கெடுதலுக்கும் தாள் தயாரித்தார்.

"சேதுபதி, கவனமாய்க் கேளும்" என்றார். "ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி சக்கரவர்த்தியின்ரை பிறந்தநாள். பெரிய தளபதி ஒருத்தர் இஞ்சை வாறார். இந்தப் புல்லிலைதான் விருந்து. அதுக்குள்ளை இது பச்சையாய் இருக்கவேணும்."

"இன்னும் பத்தொம்பது நாளுதாங்க இருக்கு, கிராணி ஐயா."

"அது எனக்கும் தெரியும். பச்சையாய் இல்லாட்டி, தோட்டக்காரன் தேவையில்லை எண்டு அதிகாரி சொல்லிப்போட்டார். தேவையில்லாத ஆக்களின்ரை பேர் எந்தப் பட்டியலுக்குப் போகும் எண்டு உமக்கு நான் சொல்லத் தேவையில்லை."

தேவையில்லைதான். தை மாதத்திலிருந்தே தேக்கா மார்க்கெட் பக்கம் லாரி நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை, மூன்றே மாதம், நல்ல சாப்பாடு என்றார்கள். முதலில் போனவர்கள் ஆசையோடுதான் போனார்கள். மூன்று மாதம் ஆகியும் ஒருவர்கூடத் திரும்பவில்லை. ஒரு கடுதாசி வரவில்லை. லாரி ஓட்டுகிற சேக் தாவூது ஜோகூர் ஸ்டேஷன் வரைக்கும் போய் வருகிறவன். "போற வண்டி நெறைஞ்சு போவுது, வர்ற வண்டி காலியா வருது லா" என்று அவன் சொன்ன பிறகு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் இல்லாமல் போனார்கள். அதனால் பட்டியல் போட்டு ஏற்றினார்கள்.

அன்றிலிருந்து சந்திரமதியின் தலைக்குள் வேறு எதுவும் இல்லை. புல் பச்சையானால் புருஷன் இருப்பான், ஆகாவிட்டால் போவான். அவனை அவளுக்குப் பிடிக்கும். பத்து வருஷமாகப் பிள்ளையில்லாதவளை ஒரு தடவைகூட அதைச் சொல்லித் திட்டாத ஆம்பிளை அவர்கள் குடியிருந்த கிர்பாவ் ரோட்டிலேயே அவன் ஒருவன்தான்.

இருவரும் மூன்று நாள் மாடாய் உழைத்தார்கள். அவன் தண்ணீர் ஊற்ற, அவள் பொறுக்கினாள். முதல் நாள் அறுபது, இரண்டாம் நாள் எழுபது, மூன்றாம் நாள் சவுக்காரம் தீர்ந்துபோனது. சவுக்காரம் இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியையும் விரலால் தடவிக்கொண்டே போய், முடிகிற இடத்தில் குச்சியால் நெம்பித் தோண்டித்தான் எடுக்க வேண்டும். அது போக, சாண் ஆழத்தில் கொழுக்கட்டை அளவுக்கு உருண்டையாக முட்டைக் குழி வேறு இருந்தது. அதை விட்டுவைத்தால் பிடித்ததெல்லாம் வீண். நாலு கை போதாது, நாற்பது கை வேண்டும் என்று சேதுபதி சொன்னான். சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கியும் போனான். கவலையை அவளிடம் ஒப்படைத்துவிட்டால் அவனுக்கு நன்றாகத் தூக்கம் வரும்.

மறுநாள் காலை பசியாறக் கிழங்கை வேகவைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து அறை மங்களம் வந்தாள். இருபத்திரண்டு வயசுக்காரி. புருஷன் சுப்பிரமணியம் கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை.

"அக்கா, நீங்க வேலை செய்யுற பங்களாவுல பிள்ளைப்பூச்சி கெடக்குதாமே?"

"ஏன்?"

மங்களம் தரையைப் பார்த்தாள். சந்திரமதிக்குப் புரிந்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைப்பூச்சியை வாழைப்பழத்துக்குள் வைத்து, மெல்லாமல் விழுங்கினால் கர்ப்பம் தரிக்கும். மன்னார்குடிப் பக்கம் அவளையும் மாமியார் விழுங்க வைத்திருக்கிறாள், மூன்று அமாவாசைக்கு ஏழு பூச்சி. தொண்டையில் காலால் பிறாண்டிக்கொண்டு இறங்கியது இன்னும் நினைவிருந்தது. பலன்தான் ஒன்றும் இல்லை.

"இந்தப் பஞ்சத்துல உனக்கு எதுக்குடி புள்ளை?"

"வயித்துல புள்ளை இருந்தா புருஷனைச் சயாமுக்கு அனுப்ப மாட்டாங்களாம்க்கா. மார்க்கெட்டுல எல்லாரும் சொல்றாங்க. நெசமா?"

இந்த வதந்தியைக் கிளப்பியது யார் என்று யாருக்கும் தெரியாது. சந்திரமதி இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நெசமா என்று கேட்டவளிடம், தெரியாது என்று சொல்வதற்கு அவளுக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் அவள் மங்களத்தின் கைகளைத்தான் பார்த்தாள். நல்ல உறுதியான கைகள், நகம் வளர்ந்த விரல்கள்.

"அப்படித்தான் சொல்லிக்கிறாங்க" என்றாள். "ஆனா நான் பிடிச்சுக் குடுத்தா பலிக்காது. அவங்கவங்க கையால தோண்டி எடுக்கணும். சும்மா ஒண்ணை எடுத்து முழுங்குறதும் கிடையாது. நூறு பூச்சியப் பிடிச்சுத் தண்ணியில போட்டுட்டு, நூத்தியோராவத முழுங்கணும். முட்டைக் குழி கண்ணுல பட்டா அதையும் தோண்டி எடுத்துடணும். மண்ணோட வயித்தைத் தொடைச்சாத்தான் நம்ம வயிறு நெறையும்."

கடைசி வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. மங்களம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"உன்னை மாதிரி யாராச்சும் இருந்தா கூட்டிக்கிட்டு வா. எல்லாருக்கும் போதும்."

மறுநாள் பதினாலு பேர் வந்தார்கள். அதற்கு மறுநாள் இருபத்தாறு. கூலிக்காரர்கள் அறை அறையாகக் குடியிருக்கும் வரிசைகளிலிருந்தும், ரேஸ் கோர்ஸ் ரோட்டு மாட்டுக்கொட்டகைப் பக்கமிருந்தும், ஆளுக்கு ஒரு தகரடப்பாவும் மடியில் ஒரு வாழைப்பழமுமாக வந்தார்கள். வாசற் சிப்பாய்க்கு இராஜசிங்கம் ஒரு தாள் காட்டினார். சக்கரவர்த்தி மேல் உள்ள பக்தியால் இந்தியப் பெண்கள் தாங்களாகவே செய்ய வந்த சேவை என்று அதில் எழுதியிருந்தது. பக்தி என்பது மட்டும் உண்மை.

வந்தவர்கள் வேலை செய்ததைப் போல் கூலிக்கு வந்தவர்கள் எவரும் செய்ததில்லை. ஒரு வரியைக்கூட விடவில்லை. ஒருத்தி பிடித்த பூச்சி அடுத்தவள் டப்பாவில் போய்விடக் கூடாது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். எண்ணிக்கையில் யாரும் ஏமாற்றவில்லை. தன் வயிற்றையே ஏமாற்ற யார் துணிவார்கள்? தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று வரும்போது உரக்க எண்ணுவார்கள். நூற்றியோராவதைக் கண்டதும் கையால் பொத்திக்கொண்டு பூவரச மரத்தடிக்குப் போய்க் கிழக்கே பார்த்து உட்காருவார்கள். சிலர் முதல் தடவையே விழுங்கினார்கள். சிலர் வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். மங்களம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கண்ணைத் திறந்து சந்திரமதியைப் பார்த்துச் சிரித்தாள்.

சந்திரமதிக்கு அப்போது வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. பூச்சியால் யாரும் சாகப்போவதில்லை. கறி கண்டு ஒரு வருஷம் ஆன உடம்புக்கு அதுவும் நல்லதுதான் என்றுகூட நினைத்தாள்.

எட்டாம் நாள் பூச்சிக்குப் பஞ்சம் வந்துவிட்டது. கடைசியாக வந்த இரண்டு பேருக்கு முப்பதுக்கு மேல் தேறவில்லை. அவர்களை வேறு அமாவாசைக்கு வரச்சொல்லி அனுப்பினாள். சேதுபதி வெற்றிடங்களில் மண்ணை மிதித்து அமுக்கி, வேலியோரத்துப் புல்லைக் கொடி கொடியாகப் பிரித்து நட்டான். காலையும் மாலையும் தண்ணீர், நடுவே தினமும் ஒரு மழை. இருபத்தெட்டாம் தேதி திட்டு எங்கே இருந்தது என்று அவனே தேட வேண்டியிருந்தது. மறுநாள் தளபதி வந்தார், புல்லின் மேல் நின்று குடித்தார், போனார். புல்லை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அதிகாரிக்குத் திருப்தி. சேதுபதியின் பேர் தேவையான ஆட்களின் பட்டியலில் தட்டச்சாகியது.

ஜூன் மாத நடுவில் மங்களம் ஓடிவந்தாள். ஓடினாள் என்றால், அந்த உடம்பு ஓடுகிற அளவுக்கு.

"அக்கா! ரெண்டு மாசமா வரலக்கா!"

அவள் மட்டும் இல்லை. பூவரச மரத்தடியில் உட்கார்ந்தவர்களில் ஒன்பது பேருக்கு வரவில்லை. கைராசிக்காரி என்று சந்திரமதிக்குப் பேர் வந்தது. ஒருத்தி அரைச் சிரட்டை அரிசி கொண்டுவந்து வைத்து, வேண்டாமென்று சொல்வதற்குள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அரிசியைச் சேதுபதி கஞ்சியாக்கச் சொன்னான். அவள் குடிக்கவில்லை.

அவளுக்குத் தெரியும். அவளுக்கே தை மாதத்திலிருந்து வரவில்லை. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு தின்கிற உடம்பு, இருக்கிற இரத்தத்தை விட மனசில்லாமல் முதலில் நிறுத்துவது அதைத்தான். நாலு அறை தள்ளியிருந்த இராசேஸ்வரி, தனக்கும் நின்றுபோனதைப் பயந்துபோய் அவளிடம் மட்டும் வந்து சொல்லியிருந்தாள். இராசேஸ்வரி பூச்சி விழுங்கவில்லை. விழுங்கியும் பிரயோஜனமில்லை, அவள் புருஷன் குண்டு விழுந்து செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. குழாயடியில் எதை எதையோ பேசுகிற பெண்கள் இதைப் பேசிக்கொள்வதில்லை. பேசியிருந்தால் அன்றைக்கே சாயம் வெளுத்திருக்கும்.

மங்களத்தின் வயிறு கொஞ்சம் உப்பியிருந்தது. காலும் உப்பியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். அந்த வருஷம் சியோனானில் பாதிப் பேருக்குக் கால் அப்படித்தான் இருந்தது. மங்களம் தன் வயிற்றை மட்டும் பார்த்தாள், காலைப் பார்க்கவில்லை. சுப்பிரமணியம் கிடங்கிலிருந்து வரும்போது புளியங்காய் பொறுக்கி வந்து கொடுத்தான். சாயங்காலமானால் அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

சொல்லிவிட வேண்டும் என்று சந்திரமதி நினைத்தாள். நினைத்து நினைத்து நாட்களைத் தள்ளினாள். பாவம், கொஞ்சநாள் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். அந்தச் சாக்கும் அதிக நாள் ஓடவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம் இராஜசிங்கம் தோட்டத்துக்குள் வந்து, அவள் களை பிடுங்குகிற இடத்தில் நின்றார். குடையை விரிக்காமல் வெயிலில் நின்றதைப் பார்த்து, அவள் கையிலிருந்த களையைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"உங்கட வரிசையிலை நாலு பேர் வேணுமாம். நாளைக்கு இல்லை, நாளையிண்டைக்கு விடிய லொறி வரும். பேரைத் தட்டிப்போட்டன். சுப்பிரமணியமும் இருக்கிறான்."

"எங்க வீட்டுக்காரரு?"

"நாலுக்குள்ளை இல்லை. ஐஞ்சாவது." அவர் குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, இதை ஏன் சொல்லுறன் எண்டு விளங்கிக்கொள். நாலிலை ஒருத்தன் ஒளிச்சு ஓடினால் ஐஞ்சாவது பேர் ஏறும். தோட்டக்காரன் எண்டும் பாக்கமாட்டினம். அவங்களுக்குக் கணக்கு நாலு. ஆர் எண்டு கவலையில்லை."

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவருடைய நல்லெண்ணங்கள் எல்லாம் இப்படித்தான் இருந்தன.

மறுநாள் காலை வரிசைக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பசியாறுகிற நேரத்துக்குச் சேக் தாவூது லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு மங்களத்தின் அறைக்கு வந்தான். சுப்பிரமணியமும் அவனும் ஒரே கிடங்கில் வேலை செய்தவர்கள். அறை வாசலில் தண்ணீர்ப் பானையோடு நின்ற சந்திரமதிக்கு எல்லாம் கேட்டது.

"ஜூரோங்ல பட்டாளத்துக்கு மரவள்ளி போடுறாங்க. அங்க இருக்குறவங்களச் சயாமுக்குத் தொடமாட்டான். அங்க ஆள் மேய்க்கிற மண்டோர் எனக்குத் தெரிஞ்சவரு. ஒரு ஆளுக்கு எடம் இருக்கு. இப்பவே ஏறு லா, நான் கொண்டுபோய் விட்டுர்றேன்."

சுப்பிரமணியம் எழுந்தேவிட்டான். மங்களம்தான் அவன் கையைப் பிடித்தாள்.

"புள்ளத்தாச்சிய விட்டுட்டு இவரு எதுக்கு அங்க போய் ஒளியணும்? நாளைக்கு லாரி வரட்டும், நான் நேரா போய் வயித்தக் காட்டுறேன். ஓடிப்போனாத்தான் தப்பு. பிடிச்சா அடிச்சே கொன்னுடுவான்." வாசலில் நின்றவளைப் பார்த்தாள். "என்னக்கா, நான் சொல்றது சரிதானே? நீங்க சொல்லுங்கக்கா. இவரு உங்க பேச்சக் கேப்பாரு."

சுப்பிரமணியம் அவளைப் பார்த்தான். சேக் தாவூதும் பார்த்தான். அவனுக்கு இதில் நம்பிக்கையில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் பெண்கள் சமாச்சாரத்தில் அவன் என்ன பேசுவான்? பக்கத்தில் சந்திரமதியின் அறையில் சேதுபதி முகம் கழுவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. எப்போதும் போல் கர்ர் என்று தொண்டையைச் சரிசெய்து துப்பினான்.

"சரிதான்" என்றாள் சந்திரமதி. "வயித்துல புள்ளை இருக்கறப்ப எதுக்கு ஓடணும்?"

சுப்பிரமணியம் உட்கார்ந்தான். சேக் தாவூது போய் லாரியைக் கிளப்பினான்.

மறுநாள் விடிந்ததும் பட்டாளத்து லாரி வந்தது. இரண்டு சிப்பாய்கள், தாளோடு இராஜசிங்கம். மங்களம் தலை வாரி, பொட்டு வைத்து, சேலையை வயிறு தெரியும்படி இழுத்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் சொன்னதை இராஜசிங்கம் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்பிடி ஒரு சட்டமும் இல்லைப் பிள்ளை. ஆர் உனக்குச் சொன்னது?"

மங்களம் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் சந்திரமதி இருந்தாள். அவள் பார்வை சிப்பாயின் பூட்ஸில் இருந்தது. சிப்பாய் மங்களத்தை ஓரமாகத் தள்ளினான். பலமாகக்கூட இல்லை, நாற்காலியை நகர்த்துவதைப் போலத்தான். சுப்பிரமணியம் லாரியில் ஏறினான். அழவில்லை. "மூணு மாசந்தான். புள்ளை பொறக்கறதுக்குள்ள வந்துருவேன். நீ கனமா எதையும் தூக்காத" என்றான். லாரி சிராங்கூன் ரோட்டுப் பக்கம் திரும்பியது. அன்று எண்ணிக்கை சரியாக நாலு.

பதினைந்து நாள் போயிருக்கும். மங்களத்துக்குக் கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது. யாரோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு நர்ஸம்மா அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, வீக்கத்துக்குத் தவிடு தின்னச் சொல்லி அனுப்பினாள். திரும்பி வந்தவள் தன் அறைக்குப் போகாமல் நேரே சந்திரமதி அறைக்கு வந்தாள். சேதுபதி சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"புள்ளை இல்லையாம்க்கா. சாப்பாடு இல்லாததுல நின்னுபோச்சாம். ஊருல பாதிப் பேருக்கு இப்படித்தானாம்." நின்றுகொண்டே சொன்னாள். "உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. சந்திரமதிக்கு அலுத்துப்போயிருந்தது.

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ வந்து சொன்ன அன்னிலேர்ந்து."

மங்களத்துக்கு மூச்சு வாங்கியது. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அன்னைக்குச் சொல்லியிருக்கலாமே. அவரு ஜூரோங் போயிருப்பாரே."

"போயிருப்பாரு. அவருக்குப் பதிலா இவரு சயாமுக்குப் போயிருப்பாரு."

சொல்லி முடித்த பிறகுதான் சேதுபதி அங்கே இருப்பது அவளுக்கு உறைத்தது. அவனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. பட்டியலில் ஐந்தாவது பேர் அவன்தான் என்பதையும் அவள் சொல்லவில்லை. இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அந்தக் காலை மறுபடி வந்தால், பானையோடு அதே இடத்தில் நின்று அதே பதிலைத்தான் சொல்வாள். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மங்களம் அவளைத் திட்டவில்லை. அவள் பக்கம் பார்க்கவும் இல்லை. சேதுபதியைத்தான் பார்த்தாள். வேகவைத்த கிழங்கோடு பாதியில் நின்ற கையை, நரைக்கத் தொடங்கிய மீசையை, மண் ஒட்டிய கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தன் புருஷனைக் கொடுத்து வாங்கியது என்ன என்று பார்க்கிறவளாகப் பார்த்தாள்.

"நல்லா இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.